பெயரிழந்த படைத்தலைவன்

(சொற்பொழிவின் எழுத்து வடிவம்)



கீழை ஞாலம் முழுவதையும் விழுங்கிவிட வாய் திறந்து வந்தது உரோமைப் பேரரசு. அந்த வாயை ஒரே போரில் அடித்து மூடியவன் ஒருவன் இருந்தான். அன்று அவன் அகவை முப்பதும் நிரம்பவில்லை. ஈரானிய மண்ணில் தோன்றிய படைத்தலைவர்களுள் அவனுக்கு நிகரானவர் மிகச் சிலரே. அவன் பெயர் யாது? சூரேனன் என்று வரலாற்று நூல்கள் விடை கூறும். ஆனால், பெருமக்களே, சூரேனன் என்பது அவன் பெயரன்று. அஃது அவன் பிறந்த குடியின் பெயர்! பெற்ற தாய் அவனுக்கு இட்ட பெயரை இன்று அறிந்தவர் இவ்வுலகில் ஒருவரும் இலர். தந்தை பெயரும் தெரியாது; பிறந்த ஊரும் தெரியாது. அவன் வென்ற போரை எழுதி வைத்தவர் கிரேக்கர். எழுதிய மொழி கிரேக்கம். எழுதிய காலமோ, அவன் மாண்டு ஏறத்தாழ 150 ஆண்டுகள் கழிந்த பின்னர். புளூட்டார்க்கு என்னும் அந்தக் கிரேக்கன், தோற்றுப்போன உரோமைத் தலைவனின் வாழ்க்கையை எழுதப் புகுந்தான். அதனாலன்றோ வென்றவனைப் பற்றி நாலு செய்தி நமக்குக் கிடைத்தது! அவனும் எழுதாமல் விட்டிருந்தால் இவனைப் பற்றிய செய்திகளுள் பெரும்பகுதி இன்று எஞ்சியிராது.

சூரேனன் வாழ்ந்த காலத்தில் ஈரானை ஆண்டவர் பார்த்தியர். கி.மு. 247 முதல் கி.பி. 224 வரை, 470 ஆண்டுகள் நின்ற அரசு அவர்களுடையது. வடகிழக்கு ஈரானின் புல்வெளிகளிலிருந்து புரவி மீதேறி வந்து, அலெக்சாந்தரின் வழிவந்த கிரேக்க மன்னர்களிடமிருந்து நாட்டைச் சிறிது சிறிதாக மீட்டவர்கள் அவர்கள். அவ்வரசில் வேந்தனுக்கு அடுத்த நிலையில் சில பெருங்குடிகள் இருந்தன. அவற்றுள் ஒன்று சூரேன் குடி. புதிய வேந்தனின் தலையில் முதன்முதலாக முடியை எடுத்து வைக்கும் உரிமை அக்குடிக்கே வழிவழியாக உரியது.

அந்த உரிமை இவனளவில் வெறுஞ் சடங்காக நிற்கவில்லை. ஒரோதேசு என்னும் வேந்தன் தன் உடன்பிறந்தானாகிய மித்திரதாத்தனோடு கூடித் தந்தையைக் கொன்றவன். பின்னர் அவ்விருவரும் தமக்குள்ளேயே பகைத்தனர். ஒரோதேசு நாட்டைவிட்டுத் துரத்தப்பட்டான். அவனை அழைத்து வந்து மீண்டும் அரியணையில் அமர்த்தியவன் சூரேனனே. மித்திரதாத்தன் தைகிரிசு ஆற்றங்கரையிலிருந்த செலூக்கியா என்னும் மாநகரில் புகுந்துகொண்டபோது, அம்மதிலில் முதல் ஆளாக ஏறி, எதிர்நின்றாரைத் தன் கையாலேயே வீழ்த்தியவனும் இவனே. பிறர்க்கு ஆணையிட்டுப் பின்னால் நின்றவனல்லன் என்பதற்கு இஃதொன்றே போதும்.

அவன் தோற்றத்தையும் புளூட்டார்க்கு எழுதியுள்ளான். உயரத்திலும் அழகிலும் பார்த்தியருள் அவனுக்கு இணையில்லை. மற்றவர்கள் அச்சந்தரும் வண்ணம் முடியை நெற்றியில் விழவிட்டிருக்க, இவன் மட்டும் வகிடெடுத்து முகத்துக்கு வண்ணமும் பூசியிருந்தானாம். சொந்த அலுவலாக வெளியூர் செல்லும்போதே 1,000 ஒட்டகங்கள் மூட்டை முடிச்சுகளைச் சுமந்து செல்லும். 200 வண்டிகளில் காமக்கிழத்தியர் வருவர். இரும்பு மெய்ம்மறை பூண்ட 1,000 புரவி மறவரும், அவரினும் மிகுதியான எளிய படைக்கலம் தாங்கிய மறவரும் சூழ்ந்து வருவர். ஏவலர், அடிமையர் உட்பட 10,000 பேருக்குக் குறையாத கூட்டம் அது. இந்த ஆரவாரமும் இந்த ஒப்பனையும் கண்டு இவனைப் பெண்மையன் என்று எண்ணி ஏமாந்தவர் உண்டு. ஏமாந்தவர் நிலை பின்னர்த் தெரியும்.

இனி, இவன்மீது படையெடுத்து வந்தவன் யார் என்று பார்ப்போம். அவன் பெயர் கிராசசு. உரோமையை மூவர் தமக்குள் பங்கிட்டுக்கொண்ட காலம் அது. மூவருள் சீசரும் பொம்பேயும் வாளால் பெயர் பெற்றவர்கள். கிராசசு பணத்தால் பெயர் பெற்றவன். எப்படிச் சேர்த்தான் அப்பணத்தை? உரோமை நகரில் வீடுகள் அடிக்கடி தீப்பற்றி எரியும். எரிகிற வீட்டையும் அண்டை வீட்டையும், உடையவன் பதறி நிற்கும்போதே, வந்த விலைக்கு வாங்கிவிடுவான். கட்டடம் கட்டத் தெரிந்த அடிமைகள் 500 பேர் அவனிடம் இருந்தனர். அவர்களைக் கொண்டு புதிதாகக் கட்டி வைத்துக்கொள்வான். நெருப்பிலும் காசு பொறுக்கியவன்! அடிமைகள் பார்ட்டகசு என்பான் தலைமையில் விடுதலை வேண்டிக் கிளர்ந்தபோது, அவர்களை அடக்கி, சிறைப்பட்ட 6,000 பேரைக் கி.மு. 71 இல் கப்புவா நகரிலிருந்து உரோமை வரை பெருவழியின் நெடுகிலும் கழுமரங்களில் அறைந்து தொங்கவிட்டவனும் இவனே.

இத்தகையவன், அறுபது அகவையைத் தாண்டிய பிறகு, சீசரைப் போலத் தானும் நாடு பிடிக்கவேண்டும் என்று புறப்பட்டான். பார்த்தியர் உரோமைக்கு என்ன தீங்கு செய்தனர்? ஒரு தீங்கும் செய்யவில்லை. இருவருக்கும் இடையில் உடன்பாடு இருந்தது. உரோமையரே பலர் இப்போரை முறையற்றது என்றனர். கி.மு. 55 இன் இறுதியில் அவன் நகரவாயிலைக் கடக்கையில், மக்கள் சார்பாளனாகிய ஓர் அலுவலன் தீச்சட்டி ஏந்தி நின்று, அவன்மீது கொடிய சாவிப்புச் சொற்களைப் பொழிந்தான். கிராசசு திரும்பியும் பார்க்கவில்லை. சிரியா நாட்டிற்கு வந்தவன் படைக்குப் பயிற்சி கொடுத்தானா? இல்லை. கோவில்களின் பொன்னை நிறுத்துப் பார்த்துக்கொண்டிருந்தான். எருசலேம் கோவிலின் செல்வத்தையும் அவன் விட்டுவைக்கவில்லை.

பார்த்தியத் தூதர் வந்தனர். இஃது உரோமை மக்கள் தொடுத்த போரா, அன்றிக் கிராசசின் தன்னலப் போரா என்று வினவினர். விடையைச் செலூக்கியாவில் வந்து சொல்வதாகச் செருக்கோடு கூறினான் கிராசசு. தூதருள் மூத்தவன் நகைத்துத் தன் உள்ளங்கையை விரித்துக் காட்டி, இங்கே மயிர் முளைத்தாலும் முளைக்கும், செலூக்கியாவை நீ காணமாட்டாய் என்னும் பொருள்படப் பேசிவிட்டுப் போனான்.

ஆர்மீனிய மன்னன் வேறொரு நல்லுரை சொன்னான். மெய்ம்மறைப் புரவி மறவர் 10,000 பேரும் காலாட்கள் 30,000 பேரும் தருவதாகவும், தன் மலைநாட்டு வழியே வந்தால் பார்த்தியக் குதிரைகள் பயன்படா என்றும் கூறினான். கிராசசு அதையும் தள்ளினான். கி.மு. 53 இல், 7 காலாட்பேரணிகளும் ஏறத்தாழ 4,000 புரவிகளும் அவ்வளவே எளிய படைக்கலத்தாருமாக, ஏறக்குறைய 40,000 பேரோடு யூபிரட்டீசு ஆற்றைக் கடந்தான். நண்பன் போல் நடித்த ஓர் அரபுத் தலைவன் அப்படையை ஆற்றங்கரையிலிருந்து விலக்கி, மரமும் நீரும் இல்லாத வெட்டவெளிக்கு அழைத்துச் சென்றுவிட்டு, ஏதோ சாக்குச் சொல்லி நழுவினான்.

பார்த்திய வேந்தன் ஒரோதேசு என்ன செய்தான் என்றால், காலாட்படையைத் தான் எடுத்துக்கொண்டு ஆர்மீனியாவின்மேல் சென்றுவிட்டான். உரோமையரை எதிர்க்கும் பொறுப்பு சூரேனன் தலையில் விழுந்தது. வரலாற்றாசிரியர் மதிப்பீட்டின்படி அவனிடம் இருந்தவர் 10,000 பேர் அளவினர். ஒருவர்க்கு நால்வர் பகைவர்! அவனோடு காலாட்கள் ஒருவரும் இலர். எல்லாரும் குதிரை மேலிருப்பவர்.

இன்றைய துருக்கியின் தென்பகுதியில் ஆரான் என்னும் ஊர் உள்ளது. அந்நாளில் அதனைக் கர்ரே என்றனர். அதற்கு அண்மையில்தான் போர் நிகழ்ந்தது. உரோமையர் முதலில் கண்டது ஒரு சிறிய படையை. பெரும்பகுதியை முன்னணிக்குப் பின்னால் சூரேனன் மறைத்து வைத்திருந்தான். மெய்ம்மறைகள் வெயிலில் மின்னாதவாறு தோலாலும் துணியாலும் மூடச் செய்திருந்தான். திடுமென, வெண்கல மணிகள் கட்டிய பறைகள் நாற்புறமும் முழங்கின. இடியும் விலங்கின் உறுமலும் கலந்தாற்போன்ற ஓசை அது. உரோமையர் நடுங்கி நிற்கையில், போர்வைகளை உதறி எறிந்தனர் பார்த்தியர். மறவனும் குதிரையும் ஒருசேர இரும்பால் ஒளிர்ந்த அக்காட்சியின் நடுவே, வண்ணம் பூசிய முகத்தோடு நின்றான் சூரேனன்.

உரோமையர் நாற்கோணமாக அணிவகுத்துக் கேடயங்களை நெருக்கிப் பிடித்தனர். சூரேனன் அக்கோட்டையில் முட்டவில்லை. வில்லாளிகளைச் சுற்றிலும் பரப்பினான். கொம்பும் மரமும் நரம்பும் ஒட்டிச் செய்த வளைவில் அது. கூட்டத்தின் நடுவே எய்தால் குறி தப்ப விரும்பினாலும் தப்பாது. துரத்தி வந்தால் ஓடுவர்; ஓடும்போதே புரவிமேல் திரும்பி அமர்ந்து எய்வர். மேலை மொழிகளில் பிரியும்போது திரும்பிச் சொல்லும் சுடுசொல்லுக்குப் 'பார்த்தியன் அம்பு' என்று இன்றும் பெயர் வழங்குகிறது. தம் மொழியில் தம் வரலாற்றை எழுதாதவர்க்குப் பகைவர் மொழியில் ஒரு பழமொழி எஞ்சியது!

உரோமையர் பொறுத்துக்கொண்டனர். ஏன் பொறுத்தனர்? அம்பறாத்தூணி காலியாகும், பிறகு கைகலந்தே ஆகவேண்டும், அப்போது பார்த்துக்கொள்ளலாம் என்பது அவர்கள் கணக்கு. தவறான கணக்கன்று அது. அதுவரை வில்லாளிகளோடு பொருத எந்தப் படையும் கண்ட உண்மைதான். ஆனால் அக்கணக்கைச் சூரேனன் முன்பே போட்டுப் பார்த்திருந்தான். வில்லாளிகள் குதிரையைத் திருப்பிப் பின்னால் சென்றனர். நிறைந்த தூணியோடு மீண்டனர். மறுபடி சென்றனர், மறுபடி மீண்டனர். அங்கே அம்புப் பொதி சுமந்த ஒட்டகங்கள் வரிசையாக நின்றிருந்தன! அவ்வொட்டகங்களைக் கண்டபோதுதான் உரோமையரின் உள்ளம் ஒடிந்தது என்கின்றனர் நூலோர். மறமும் வில்லும் பார்த்தியர் எல்லாரிடமும் இருந்தன. அம்பு தீர்ந்தால் என்ன செய்வது என்று போருக்கு முன்பே எண்ணிய தலை சூரேனனிடம் இருந்தது. பாவலர் பாடக்கூடிய செயலன்று, ஒட்டகத்தில் பொதி ஏற்றுவது. போர் அதனால்தான் முடிந்தது.

கிராசசின் மகன் புபிலியசு, நல்ல மறவன், 1,300 புரவிகளோடும் 500 வில்லாளிகளோடும் காலாட்கள் சிலரோடும் பாய்ந்து வெளியேறினான். பார்த்தியர் ஓடினர். வென்றோம் என்று நெடுந்தொலைவு துரத்தினான். ஓடியவர் திரும்பினர், அவர்க்குப் பின்னிருந்து இரும்புப் படையும் வந்தது. அவன் புரவிப் படையில் பெரும்பாலார் காலியர், அஃதாவது இன்றைய பிரான்சு நாட்டின் பழங்குடிகள், சீசர் அனுப்பியவர்கள். மெய்ம்மறையில்லா அம்மக்கள் பார்த்தியரின் நீண்ட ஈட்டிகளை வெறுங்கையால் பற்றி இழுத்தனர். குதிரைகளின் கீழே புகுந்து வயிற்றைக் குத்தினர். யாருடைய போரிலோ, யாருடைய பொன்னுக்காகவோ மாண்ட அவர்களையும் ஒரு கணம் நினைக்க வேண்டும். மீண்டும் பாயுமாறு புபிலியசு ஏவியபோது, கேடயத்தோடு தைக்கப்பட்ட கைகளையும் நிலத்தோடு தைக்கப்பட்ட கால்களையும் அவனிடம் காட்டினர். எஞ்சி உயிரோடு சிறைப்பட்டவர் 500 பேருக்கு மேலிலர். மகனின் தலையை ஈட்டியில் குத்தித் தந்தையின் கண்முன் கொண்டுவந்தனர்.

இருள் சூழ்ந்தது. மகனுக்காக அழ ஓரிரவு கொடுத்தோம் என்று சொல்லிப் பார்த்தியர் விலகினர். அவ்விரவில், புண்பட்ட தம் மறவர் 4,000 பேரைக் களத்திலேயே விட்டுவிட்டு உரோமையர் கர்ரேக்கு ஓடினர். அங்கிருந்தும் ஓடினர். காசியசு என்னும் துணைத்தலைவன் 500 புரவிகளோடு சிரியாவுக்குத் தப்பினான். பின்னாளில் சீசரைக் குத்திக் கொன்றவர்களுள் ஒருவனாகிய அதே காசியசுதான்.

கிராசசு குன்றொன்றில் ஒதுங்கினான். சூரேனன் நாணைத் தளர்த்திய வில்லோடு, கையை நீட்டியபடி வந்து, ஒப்புரவு பேசலாம் என்றான். கிராசசுக்கு விருப்பமில்லை, அவன் மறவர்களே அச்சுறுத்தி அவனை இறக்கி அனுப்பினர். கிராசசு நடந்து வருவதைக் கண்டு, உரோமைத் தலைவன் நடக்க நாம் புரவிமேல் இருப்பதா என்று கூறி, பொற்கடிவாளம் பூட்டிய குதிரையொன்றைக் கொண்டுவரச் செய்தான் சூரேனன். உடன்பாட்டை ஆற்றங்கரைக்குச் சென்று எழுத்தில் வைக்கவேண்டும் என்றான். உரோமையர் ஒப்பந்தங்களை நினைவில் வைக்காதவர் என்று குத்திக்காட்டவும் செய்தான். குதிரையை விரட்ட முற்பட்டபோது கிராசசின் துணைவர் கடிவாளத்தைப் பற்றினர், கைகலப்பு முற்றியது, வாள் உருவப்பட்டது, கிராசசு கொல்லப்பட்டான். இது முன்னரே திட்டமிட்ட வஞ்சனையா, அக்கணத்தில் மூண்ட பூசலா? உரோமையர் பக்கத்துச் சான்று மட்டுமே உள்ளது. பார்த்தியர் பக்கத்துச் சொல் ஒன்றுகூட இல்லை. எழுத்தில் வைக்கவேண்டும் என்று பகைவனிடம் கேட்டவனின் செயலைத்தான் அவன் நாட்டார் எவரும் எழுத்தில் வைக்கவில்லை!

மாண்ட உரோமையர் 20,000 பேர். சிறைப்பட்டவர் 10,000 பேர். உரோமையின் கழுகுக் கொடிகள் பார்த்தியர் கையில் சிக்கின. சிறைப்பட்டவர்கள் மார்கியானா என்னும் கிழக்கெல்லைக்கு, இன்றைய துருக்மேனியாவின் மெர்வு பகுதிக்குக் கொண்டுபோய்க் குடியமர்த்தப்பட்டனர். பலர் தம் நாட்டை மீண்டும் பார்க்கவேயில்லை.

வென்றபின் சூரேனன் செய்தவற்றுள் பெருமைக்குரியன அல்லாதனவும் உண்டு. செலூக்கியாவில் எள்ளல் ஊர்வலம் ஒன்று நடத்தினான். கிராசசின் சாயல் கொண்ட ஒரு சிறையாளனுக்குப் பெண்ணுடை உடுத்திக் கிராசசு என்றழைத்து ஊரெங்கும் சுற்றிவரச் செய்தான். உரோமை அலுவலன் ஒருவன் மூட்டையில் அகப்பட்ட காமக்கதை நூலொன்றை ஊரவையில் காட்டி, போருக்கு வருபவன் படிக்கும் நூலைப் பாரீர் என்றும் நகையாடினான். அவ்வூரார் வாய்விட்டுச் சொல்லாமல் ஒன்றை நினைத்தனராம்: 200 வண்டிகளில் காமக்கிழத்தியரோடு போருக்கு வந்தவனா இதைப் பேசுவது! அந்த நினைப்பில் நேர்மை உண்டு.

இதற்கிடையே ஆர்மீனியாவில் என்ன நடந்தது? ஒரோதேசு அம்மன்னனோடு ஒப்புரவு செய்துகொண்டு, அவன் உடன்பிறந்தாளைத் தன் மகனுக்குப் பேசி முடித்து, விருந்தும் கூத்துமாக இருந்தான். எந்தக் கூத்து? கிரேக்கக் கூத்து! இயூரிப்பிடீசு எழுதிய 'பாக்கே' நாடகம் அங்கே நடந்துகொண்டிருக்கையில் கிராசசின் தலையைக் கொண்டுவந்து அவை நடுவே எறிந்தனர். கூத்தன் அத்தலையையே கையிலேந்தி நாடகப் பாடலைப் பாடினான், அவை ஆர்ப்பரித்தது. ஆர்மீனிய மன்னனோ கிரேக்க மொழியிலேயே நாடகமும் வரலாறும் எழுதியவன். ஒரோதேசு வெளியிட்ட காசுகளைப் பாருங்கள்: எழுத்து கிரேக்கம், அதில் அவன் தனக்கிட்டுக்கொண்ட பட்டங்களுள் ஒன்று 'கிரேக்கரை விரும்புபவன்' என்பது! கிரேக்கரிடமிருந்து மண்ணை மீட்ட குடியின் வேந்தன், தன் வெற்றியைக் கொண்டாடவும் கிரேக்கப் பாட்டையே நாடினான். தன் காசில் பொறிக்கவும் கிரேக்கச் சொல்லையே தேடினான். அந்த அவையில் சூரேனனைப் பற்றிப் பார்த்திய மொழியில் ஒரு பாட்டு எழுந்திருந்தால் அது எழுத்தில் நின்றிருக்குமா என்பது வேறு வினா. எழுந்ததாகவே செய்தியில்லை.

பிறகு, நெடுங்காலம் செல்லவில்லை. சூரேனனை ஒரோதேசு கொன்றான். குற்றம் யாது? வென்றதே குற்றம். முடி சூட்டியவன், இழந்த அரியணையை மீட்டுத் தந்தவன், உரோமையை வீழ்த்தியவன். இனி இவன் எதைத்தான் செய்யமாட்டான் என்னும் அழுக்காறு வேந்தன் நெஞ்சை அரித்தது. எங்கே, எப்படிக் கொன்றான் என்பதும் எழுதப்படவில்லை.

சூரேனன் இல்லாத பார்த்தியப் படையின் கதை விரைவில் வெளியாயிற்று. வேந்தன் மகன் பாக்கோர் உரோமை நிலத்துள் படை நடத்திச் சென்று, கி.மு. 38 இல் தோற்று மாண்டான். துயரத்தில் நலிந்த ஒரோதேசைப் பெற்ற மகனே, பிராத்து என்பவன், நஞ்சூட்டினான். நஞ்சு கொல்லாமற்போகவே கழுத்தை நெரித்துக் கொன்றான். அந்தப் பிராத்துதான் கி.மு. 20 இல், ஒரு போரும் நிகழாமலே, சூரேனன் கவர்ந்த கழுகுக் கொடிகளை உரோமை வேந்தன் அகத்தசுக்குத் திருப்பிக் கொடுத்தவன். உரோமையன் அதையும் விட்டானா? கொடிகள் மீண்டன என்று காசில் பொறித்தான். தன் கற்சிலையின் மார்பில் அக்காட்சியைச் செதுக்குவித்தான். களத்தில் தோற்றதையும் கடையில் வென்றதாகக் காட்டும் எழுத்து அவனிடம் இருந்தது.

பார்த்தியர்க்கு எழுதவே தெரியாதா என்றால், தெரியும். அவர்தம் பழைய நகராகிய நிசாவில், இன்றைய துருக்மேனியத் தலைநகருக்கு அண்மையில், அகழ்ந்தெடுத்த எழுத்துடைய பானையோடுகள் 2,000க்கும் மேல். அவற்றுட் பல சூரேனன் காலத்தை ஒட்டியவையே. எழுத்து அரமேயம், மொழி பார்த்தியம். எந்தத் தோட்டத்திலிருந்து எத்தனை குடம் தேறல் வந்தது, யார் கொண்டுவந்தார், எந்த ஆண்டு என்று கணக்குத் தவறாமல் எழுதியிருக்கின்றனர். தேறற்குடம் சுமந்தவனின் பெயர் உண்டு. கர்ரேயில் வென்றவனின் பெயர் இல்லை!

பார்த்தியரை வீழ்த்தி வந்த சாசானியர், முன்னவர் நினைவைப் போற்றவில்லை. பின்னர், கி.பி. 1010 அளவில், பிர்தௌசி என்னும் பெரும்பாவலர் ஈரானிய வேந்தர்களின் கதை முழுவதையும் பாரசீக மொழியில் பாடி முடித்தார். அரபுச் சொற்களைப் பெரிதும் விலக்கித் தம் மொழியை நிலைநிறுத்திய பேராளர் அவர். அவரே பார்த்தியரின் 470 ஆண்டுகளுக்கு வந்தபோது ஏறத்தாழ 20 ஈரடிகளோடு நிறுத்திக்கொண்டார். பெயர்களைத் தவிர வேறொன்றும் கேள்விப்பட்டதில்லை என்று அவரே கூறுகிறார். பாடும் நா இருந்தது. பாடுதற்குரிய செய்தியை முன்னோர் விட்டுச் செல்லவில்லை. அந்நூலின் பெருமறவனாகிய உருத்தம் என்பானின் கதையில் சூரேனனின் நிழல் படிந்திருக்கலாம் என்று கருதும் அறிஞர் சிலர் உளர், அது கருத்தளவே.

இன்றைய ஈரானியர் அவனைத் தேடிக்கொண்டிருக்கின்றனர். பிள்ளைகளுக்குச் சூரேனா என்று பெயரிடுகின்றனர். தெகுரான் பல்கலைக்கழகத்தார் செய்த, ஆள்போல் நடக்கும் எந்திரத்துக்கும் அப்பெயரே. அந்நகரின் தேசிய அருங்காட்சியகத்தில் ஆளுயரத்தை விஞ்சிய வெண்கலச் சிலையொன்று நிற்கிறது. 1930களில் தென்மேற்கு ஈரானின் சாமி என்னும் ஊரில் கிடைத்தது. பார்த்திய உடை; நெற்றியில் பட்டம்; முறுக்கு மீசை; கைகள் சிதைந்துவிட்டன. சூரேனனின் சிலை அது என்று சொல்லி அதன்முன் நின்று படமெடுத்துக்கொள்வோர் பலர். ஆனால் அச்சிலையில் எழுத்து ஒன்றும் இல்லை.